நீ பார்த்துக் கிடக்கும் பக்கம்

மச்சான்,

புத்தளத்துக் கடைகளில் உப்பு இல்லாமல் போன வருஷம் இது. நீ நம்பமாட்டாய். பெய்யக் கூடாத மாதத்தில் மழை பெய்து, பாத்திகளில் பூத்திருந்த உப்பெல்லாம் கரைந்துபோக, இந்தியாவிலிருந்து கப்பலில் உப்பு வந்து இறங்கியது. நீயும் நானும் கால் வெடிக்க வெடிக்க உப்பு வாரிய ஊர். அந்த ஊர்ப் பெண்கள் ஒரு பக்கற்று உப்புக்காக மதுரங்குளிச் சந்திவரை பஸ் ஏறிப் போய் வெறுங்கையோடு திரும்பினார்கள். அந்த மழை ஓய்ந்த மாதத்தில்தான் நம்முடைய பள்ளிவாசலில் கம்பளம் மாற்றினார்கள்.

பழைய கம்பளங்களைச் சுருட்டி வெளியே எடுத்தபோது நானும் நின்றேன். இத்தனை காலமும் மூடிக் கிடந்த சீமெந்துத் தரையிலிருந்து ஈரமும் உப்பும் கலந்த ஒரு வாசம் எழும்பியது. தரையில் பச்சைக் கோடுகள் தெரிந்தன. தொழுகிறவர்கள் வரிசை பிசகாமல் நிற்பதற்காக நாம் இருவரும் அடித்த கோடுகள். நீ ஒரு சுவரில் கயிற்றைப் பிடிக்க, நான் மற்றச் சுவரில் பிடித்து, பெயின்டில் தோய்த்த தும்புக்கட்டையால் இழுத்தோம். மூன்றாவது வரிசையில் உன் கை வழுக்கி ஒரு கோடு வளைந்துபோனது. "இந்த இடத்தில நிக்கிறவனுக்குக் கொஞ்சம் கூட நன்மை கிடைக்கும்" என்று சொல்லிச் சிரித்தாய். அந்த வளைவு அப்படியே இருந்தது. முழங்கால் நோகக் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தேன். உன் கையைத் தொட்ட மாதிரி இருந்தது என்று சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்கள். உன்னிடம் சொல்லலாம்.

பள்ளி நிர்வாகத்தில் இருக்கிற இஞ்சினியர் ஒருவரும் அங்கே வந்திருந்தார். அவர் தன் போனைத் தரையில் வைத்தார். அதற்குள் மக்காவின் பக்கம் காட்டும் ஒரு முள் சுற்றிச் சுற்றி நின்றது. மேற்குச் சுவருக்கு நேரே நிற்காமல் வடக்குப் பக்கமாகச் சரிந்து நின்றது.

"கிப்லா பிழையா இருக்கு" என்றார். "எங்கட பள்ளியை நேர் மேக்கப் பாத்துக் கட்டியிருக்காங்க. மக்கா மேக்கையும் வடக்கையும் சேந்த பக்கம். இவ்வளவு காலமும் நாங்க ஆபிரிக்காவைப் பாத்துத்தான் தொழுதிருக்கம்."

"ஆபிரிக்காவிலயும் அல்லாஹ்தானே தம்பி இருக்கான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் புதுக் கம்பளத்தைச் சரித்துத்தான் விரித்தார்கள். இப்போது மூலைகளில் முக்கோணமாகத் தரை மிச்சம் கிடக்கிறது. என்னைப் போன்ற கிழவர்கள் பழைய பழக்கத்தில் நேராகப் போய் நின்று, பக்கத்தில் இருப்பவன் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்ட பிறகுதான் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்குகிறோம்.

இந்தக் கதை உன் பெண்சாதியின் காதுக்குப் போனது. உன் ரஹீமாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. கதிரையில் இருந்தபடி தொழுகிறாள். கூடப்பிறந்த அண்ணன் மாதிரி என்னை நானா என்று கூப்பிடுகிறவள், வரச் சொல்லி ஆள் அனுப்பினாள்.

"நானா, பள்ளியில அடிச்ச கோடெல்லாம் பிழையாமே?"

"ஓம், கொஞ்சம் சரிவாம்."

"அப்ப அண்டைக்கு எங்கட முத்தத்து மணல்ல நீங்க கீறின கோடு?"

தேத்தண்ணி ஆறிப் போகும்வரை கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு எழும்பி வந்தேன்.

அவள் எந்தக் கோட்டைச் சொன்னாள் என்று உனக்குத் தெரியாது. அது கீறப்பட்ட நேரம் நீ இல்லை. அதனால்தான் இந்த மடல். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறவள். எழுத்துத் தெரியாத இரண்டு பேர், ஒருவன் சொல்ல மற்றவன் கேட்க, இப்படித்தானே முன்பும் செய்தோம். அப்போது குரலைப் பதிந்து அனுப்பக் கெசட் இருந்தது.

வடக்கிலிருந்து விரட்டப்பட்டு நம்முடைய சனங்கள் உடுத்த உடுப்போடு வள்ளங்களில் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினார்களே, அதற்கு முந்தின வருஷம் நீ ஜித்தாவுக்குப் போனாய். அதற்கும் கொஞ்சம் முன்னால்தான் உன் மகன் மௌத்தானது. நாற்பது நாள் பிள்ளை. ஊரில் யார் மௌத்தானாலும் குழி வெட்டுவது நாம் இருவரும்தான் என்று ஆகியிருந்தது. அன்றைக்கு உன்னை வெட்ட விடக்கூடாது என்று நான் மண்வெட்டியைப் பறித்தேன். நீ தரவில்லை. நம்முடைய மண்ணில் குழி வெட்டுவது எப்படி என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. வெறும் மணல், ஒரு பக்கம் எடுக்க மறுபக்கம் சரியும். இடுப்பளவு இறங்கினால் களப்புத் தண்ணீர் ஊறிவிடும். அந்தச் சின்னக் குழிக்கு அவ்வளவு ஆழம் வேண்டியிருக்கவில்லை. தலை வடக்கே, கால் தெற்கே, வலப்பக்கமாகச் சரித்து, முகம் மேற்கே. நீயே இறங்கி வைத்தாய். ஏறி வந்து, "மேக்க பாத்துத்தானே வெச்சன்?" என்று என்னிடம் கேட்டாய். "ஓம் மச்சான், சரியாத்தான் வெச்ச" என்றேன்.

பிறகு நீ போனாய். மூன்று மாதம் கழித்து முதல் கெசட் வந்தது. உன் உம்மா, ரஹீமா, நான், மூன்று பேரும் உன் வீட்டு முற்றத்தில் பாயில் இருந்து கேட்டோம். நீ பேசத் தொடங்கியதும் உன் உம்மா அந்தப் பெட்டிக்கு ஸலாம் சொன்னா. பெட்டி பதில் சொல்லாமல் பேசிக்கொண்டே போனதும் கோபம் வந்துவிட்டது அவவுக்கு. "டேய், மெதுவாச் சொல்லு. எனக்கு விளங்கல்ல."

நீ சொன்னது இன்றைக்கும் சொல்லுக்குச் சொல் என் காதில் நிற்கிறது.

"மச்சான், வந்த அண்டைக்கே பெரிய பிழை ஒண்டு விட்டுட்டன். சிரிக்காத. எங்கட ரூம் கடற்கரையிலதான். பொழுது கடலுக்குள்ளதான் விழுகுது, அச்சொட்டா எங்கட ஊர் மாதிரியே. கைகால் கழுவி வுளூ செஞ்சிட்டுக் கடலைப் பாத்து நிண்டு தக்பீர் கட்டிட்டன். ஒருத்தரிட்டயும் கேக்கல்ல. எனக்கென்ன தெரியாதா எண்டு நினைச்சன். மூணு வக்துத் தொழுகை அப்படியே போச்சு. அடுத்த நாள் கேரளாக்காரன் ஒருத்தன் வந்து தோளைப் புடிச்சுத் திருப்பி விட்டான். எனக்குப் பின்னால இருக்கு மச்சான் மக்கா. வாகனத்தில போனா ஒரு மணித்தியாலம். மக்காவுக்கு இவ்வளவு கிட்ட வந்து, அதுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொழுத ஆள் உலகத்தில நான் ஒருத்தனாத்தான் இருப்பன் எண்டு சொன்னன். அந்தக் கேரளாக்காரன் என்னைப் பாத்துச் சிரிக்கான். அவனும் முதல் நாள் அப்படித்தானாம். அவங்கட ஊரிலயும் கடல் மேக்கதானே."

"கண் எங்க வெச்சிருந்தடா?" என்று உன் உம்மா பெட்டியைப் பார்த்துக் கேட்டா. ரஹீமா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பிள்ளை போன பிறகு அவள் சிரித்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். பெரிய மௌலவியிடம் போய்க் கேட்டேன். அந்த மூன்று வக்தையும் திருப்பித் தொழச் சொன்னார். அதை அடுத்த கெசட்டில் நான் உனக்குச் சொன்னேன். நீ அதற்குள்ளேயே தொழுது முடித்திருந்தாய்.

நாம் பிறந்த மண் ஒரு விரல் மாதிரி நீண்ட மணல். ஒரு பக்கம் அலையில்லாத களப்பு, ஒரு பக்கம் கடல். பொழுது களப்பிலிருந்து எழும்பும், கடலில் விழும். கடல் இருக்கிற பக்கம் மேற்கு. மேற்குப் பக்கம் மக்கா. இதற்கு மேல் நமக்கு ஒரு திசையும் தேவைப்பட்டதில்லை. கடலுக்கு அந்தப் பக்கமாகவும் போய், அங்கேயிருந்து மக்காவைத் திரும்பிப் பார்க்க வேண்டிய ஒரு இடம் உலகத்தில் இருக்கும் என்று யார் நினைத்தோம்?

அதற்குப் பிறகு ஒவ்வொரு கெசட்டிலும் ஏதாவது ஒரு புதினம் சொன்னாய். அந்தக் கடல் நம்முடைய கடல் மாதிரி விரிந்த கடல் இல்லையாம். ஒடுங்கின கடல், பெரிய களப்பு மாதிரி, மற்றக் கரையில் ஆபிரிக்கா. கச்சான் காற்று இல்லை, வாடைக் காற்று இல்லை. மழை வருஷத்துக்கு ஒருநாள் பெய்தால் பெரிது. ஆறு என்று ஒன்று அந்த நாட்டிலேயே கிடையாதாம். "கடல் தண்ணியைக் காய்ச்சித்தான் குடிக்கம்" என்றாய். உப்பு வாரிய நாம் தண்ணீரை விட்டுவிட்டு உப்பை எடுத்தோம். அங்கே உப்பை விட்டுவிட்டுத் தண்ணீரை எடுக்கிறார்கள் என்று சொல்லி நீயே சிரித்தாய்.

நோன்பு மாதத்தில் வந்த கெசட்தான் உன் உம்மாவைப் பிடித்துக்கொண்டது. "நீங்க நோன்பு திறந்து, சாப்பிட்டு, பள்ளிக்குப் போய் தராவீஹ் தொழுது முடியிற நேரத்திலதான் உம்மா எங்களுக்குப் பொழுது விழுகுது" என்று நீ சொல்லியிருந்தாய். அந்த மாதம் முழுக்க உன் உம்மா ஒரு பேரீச்சம்பழத்தைத் தட்டில் மிச்சம் வைத்தா. தராவீஹ் முடிந்து ஆட்கள் தெருவில் வரும் சத்தம் கேட்டதும், "இப்பதான் அவன் திறக்கான்" என்று சொல்லி வாயில் போடுவா. நீ போன பிறகும், நீ இல்லாமல் போன பிறகும், கடைசி நோன்புவரை அதைச் செய்தா.

எங்கள் தெருவில் கரண்ட் கம்பம் நட்ட கிழமை நீ மௌத்தானாய். ஜித்தா மீன் சந்தையில் பெட்டி தூக்கிக்கொண்டு வந்த நீ, அதை இறக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே இருந்தாயாம். அப்படியே சாய்ந்துவிட்டாயாம். அந்தக் கேரளாக்காரன் பிறகு சொல்லி அனுப்பியது அவ்வளவுதான்.

உன்னை அனுப்பிய ஏஜென்சிக்காரர் புத்தளத்திலிருந்து ஒரு காலை நேரம் வந்தார். கையில் ஒரு கடுதாசி. அங்கேயே அடக்குவதற்கு மனைவி சம்மதம் என்று கைவிரல் அடையாளம் வைக்க வேண்டும், நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன்னால் அவர் டவுனுக்குத் திரும்பிப் போய் அனுப்ப வேண்டும். சம்மதம் இல்லையென்றால் மையத்தை, உன் உடம்பை, இங்கே கொண்டுவர முயற்சி செய்யலாம். எத்தனை நாள் ஆகும் என்று அவருக்குத் தெரியாது.

முற்றத்தில் உன் உம்மா, ரஹீமா, பெரிய மௌலவி, ஏஜென்சிக்காரர், நான்.

"அங்கயே அடக்கட்டும் மகள்" என்றா உன் உம்மா. பெற்ற வயிறு, எப்படிச் சொன்னாவோ. "மக்காவுக்குக் கிட்ட அடங்கிறதுக்கு எத்தின பேர் துஆ கேக்காங்க. அவனுக்குக் கிடைச்சிருக்கு."

"எனக்கு அந்தப் பாக்கியம் வேணாம் மாமி" என்றாள் ரஹீமா. "அவர் இங்க வரணும்."

மௌலவி பொறுமையாக எடுத்துச் சொன்னார். மையத்தைக் காக்க வைக்கக் கூடாது என்றார். ரஹீமா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு மௌலவியைப் பார்க்காமல் என்னைப் பார்த்து ஒன்று கேட்டாள்.

"நானா, நீங்கதானே குழி வெட்டுறவங்க. சொல்லுங்க. இங்க எல்லாரையும் மேக்கப் பாத்துத்தானே வெக்கீங்க?"

"ஓம்."

"எங்கட புள்ளயும் மேக்கப் பாத்துத்தானே கிடக்கு?"

"ஓம்."

"அவர் இன்னும் மேக்க போய்க் கிடக்கார். அங்கயும் அவரை மேக்கப் பாத்து வெச்சா, எங்களுக்கு முதுகுதானே காட்டிக் கிடப்பார்? புள்ள வாப்பாட முதுகைப் பாத்துக்கொண்டு கிடக்கணுமா கியாமத்து நாள் வரைக்கும்?"

அந்த வீட்டில் நின்ற எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தோம் போலிருக்கிறது. கிப்லா என்றால் மேற்கு, உலகத்தில் எங்கே போனாலும் மேற்கு. அந்த நேரம் உன் முதல் கெசட் என் காதுக்குள் ஓடியது.

நான் ஒரு ஈர்க்கை எடுத்துக்கொண்டு குந்தினேன். மணலில் ஒரு சிப்பியை வைத்தேன். "இது நாங்க" என்றேன். ஒரு முழம் மேற்கே தள்ளி ஒரு கல்லை வைத்தேன். "இது மக்கா." அந்தக் கல்லுக்கும் அங்கால, கொஞ்சம் தள்ளி, ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வைத்தேன். "இது ஜித்தா. அவர் சொன்னது நினைவிருக்கா ரஹீமா? கடலைப் பாத்துத் தொழுதது பிழை, மக்கா பின்னாலதான் இருக்கு எண்டு. நாங்க கல்லை மேக்கப் பாக்கம். அவங்க அதே கல்லைக் கிழக்கப் பாப்பாங்க. இங்க தலை வடக்கே வெக்கம். அங்க தலையைத் தெக்கே வெச்சாத்தான் வலப்பக்கம் சரிச்சு மக்காவைப் பாக்க வெக்கலாம். அவர் கிழக்கப் பாத்துத்தான் கிடப்பார்." சிப்பியிலிருந்து கல் வரைக்கும் ஒரு கோடு, அதே கோட்டை நிறுத்தாமல் சிரட்டை வரைக்கும் இழுத்தேன்.

அவள் எழும்பி வந்து அந்தக் கோட்டுக்கு முன்னால் இருந்தாள்.

"அப்ப எங்கட பக்கம் பாத்தா?"

"எங்கட பக்கம் பாத்துத்தான்."

"நேரேயா?"

"நேரே."

"வல்லாஹியா நானா?"

மௌலவி என்னைப் பார்த்தார். அல்லாஹ்வின் பேரில் சத்தியமா என்று கேட்கிறாள். எனக்குத் தெரிந்தது ஒரு கெசட்டில் கேட்டது மட்டும்தான். மக்கா உனக்குப் பின்னால் என்று நீ சொன்னாய். பின்னால் என்பது கிழக்கு. ஆனால் கிழக்கு எவ்வளவு அகலம். அதற்குள் பம்பாயும் இருக்கும், சீனாவும் இருக்கும். நம்முடைய இந்த ஒடுங்கின மணலை நேரே பார்த்து நீ கிடப்பாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"வல்லாஹி" என்றேன்.

அவள் கையை நீட்டினாள். ஏஜென்சிக்காரர் மையைத் தடவிக் கடுதாசியில் அழுத்தினார். அவர் போன பிறகு அவள் ஒரு ஓலைக் கடகத்தைக் கொண்டுவந்து அந்தச் சிப்பியையும் கல்லையும் சிரட்டையையும் சேர்த்து மூடிவைத்தாள். அவள் இத்தா இருந்த நாலு மாதமும் பத்து நாளும் முடியும்வரை அந்தக் கடகம் முற்றத்தில் அப்படியே கவிழ்ந்திருந்தது. கோழி கிட்டப் போனால் உன் உம்மா கல்லெடுத்து எறிவா.

மக்காவுக்குப் போய்வந்த நம்முடைய ஊர்க்காரர் ஒருவர் ஜித்தாவில் உன்னைத் தேடிப் போனார். அங்கே கபுறுகளுக்குப் பேரும் இல்லை, கல்லும் இல்லை என்று வந்து சொன்னார். எந்தக் குழி என்று யாராலும் காட்ட முடியவில்லையாம். மச்சான், உன்னைப் பற்றி எங்களிடம் மிச்சம் இருந்தது பக்கம் ஒன்றுதான். இடம் தெரியாது. பக்கம் மட்டும் தெரியும். அதுவும் என் சத்தியத்தில் நின்றது.

இத்தனை வருஷமும் நான் அதைச் சுமந்தேன். கபுறு வெட்டும்போதெல்லாம் அந்த நினைவு வரும். இஞ்சினியருடைய போனில் முள் சரிந்து நின்ற அன்று, அது என்னைக் காட்டி நிற்கிற மாதிரித்தான் இருந்தது.

மருமகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளிக்கூடத்திலிருந்து உலக உருண்டையைக் கொண்டுவருகிறேன் என்றாள்.

"மாமா, முதல்ல வீட்டில வெச்சு நாங்க பாத்திட்டு, பிறகு ரஹீமா மாமிட்டப் போவமா?"

"வேணாம் புள்ள. பொய்யா இருந்தா அவவுக்கு முன்னாலயே பொய்யாகட்டும்."

அந்த உருண்டையை மடியில் வைத்துக்கொண்டு திரீவீலரில் போனோம். ரஹீமா அதைத் தொட்டுப் பார்த்தாள். "பூசினிக்காய் அளவுதான் இருக்கு" என்றாள். மருமகள் அவளுடைய கையை அதன்மேல் வைத்து மெதுவாகச் சுற்றினாள். பொழுது எங்கேயும் போகவில்லை, நாம்தான் அதன் முன்னால் சுற்றி வருகிறோம், முதலில் நாம் இருட்டுக்குப் போவோம், பிறகுதான் அவர்கள் என்று சொல்லிக்கொடுத்தாள்.

"மாமிட பேரீச்சம்பழம்" என்றாள் ரஹீமா. கொஞ்ச நேரம் அப்படியே சுற்றிக்கொண்டிருந்தாள்.

பிறகு மருமகள் தையல் நூல் ஒன்றை எடுத்து, நம்முடைய ஊரில் ஒரு முனையை வைத்து என் விரலால் அழுத்தச் சொன்னாள். மற்ற முனையை இறுக்கி மக்காவுக்கு இழுத்தாள். நூல் நேர் மேற்கே போகவில்லை. வடக்கே சரிந்துதான் போனது. போன் சொன்ன அதே சரிவு. ரஹீமா நூலில் விரலை வைத்துத் தடவிக்கொண்டு போனாள். மருமகள் பேர் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"இது கேரளா."

"அந்தத் தோளைத் திருப்பிவிட்ட ஆள்ட ஊரா?"

"ஓம் மாமி, கிட்டத்தட்ட அந்தப் பக்கம்தான். இனி அரபிக்கடல். இது ஓமான். இதெல்லாம் மணல் பாலைவனம், ஆளில்லை. இதுதான் மக்கா."

"ஒரு சாண் கூட இல்லையே" என்றாள் ரஹீமா. "ஜித்தா எங்க?"

மருமகள் உருண்டையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். "இதில ரெண்டும் ஒரே புள்ளி மாதிரித்தான் மாமி இருக்கு. பிரிச்சுப் பாக்க ஏலாது" என்றாள். பிறகு போனை எடுத்தாள். அதில் பூமியை அப்படியே பார்க்கலாமாம். நம்முடைய ஊரில் விரலை வைத்து மக்காவுக்கு ஒரு கோடு இழுத்தாள். அதை நிறுத்தாமல், அதே போக்கில், மக்காவுக்கு அங்கால நீட்டினாள்.

"எனக்குத் தெரியாது. நானா, நீங்க பாத்துச் சொல்லுங்க. பொய் சொல்லாம" என்றாள் ரஹீமா.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தேன். வாசிக்கத் தெரியாதவனுக்கும் கடல் தெரியும், கரை தெரியும். கோடு மக்காவைத் தாண்டி மலையையும் மணலையும் கடந்து கடலைத் தொட்டது. தொட்ட இடத்தில் ஒரு பெரிய ஊர், கரையோடு ஒட்டி, தெருத்தெருவாக. மருமகள் அந்த ஊரின் பேரை வாசித்தாள். ஊரின் ஓரத்தால் போகவில்லை மச்சான். நடுவால் போனது.

"என்ன நானா, சத்தத்தைக் காணல்ல?"

"நேரேதான் ரஹீமா" என்றேன். "நான் மணல்ல கீறினது நேர் மேக்க போன கோடு, சரியான கோடு கொஞ்சம் சரிவு. கோட்டைச் சரிச்சா, அவரும் அதுக்கேத்த மாதிரி சரிஞ்சுதான் கிடக்கார். அங்கேயிருந்து மக்காவைப் பாத்தா, அதே பார்வை எங்கட கரைக்குத்தான் வந்து சேருது."

அவள் அழவில்லை. "முப்பது வருஷத்துக்கும் முன்னால, நேரேயா எண்டு தெரியாமத்தான் நீங்க வல்லாஹி சொல்லியிருக்கீங்க, என்ன?" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்கட மூஞ்சி அண்டைக்கே சொல்லிட்டு. நம்பணும் போல இருந்தது, நம்பினன்."

மருமகள் உருண்டையைத் துணியில் சுற்றினாள். நாங்கள் எழும்பும்போது ரஹீமா என் சட்டைக் கையைப் பிடித்தாள். "நானா, அவர் சரியாத்தான் கிடக்கார். பிழை எங்கட பக்கம்தான். எங்கட மையவாடியில எல்லாரையும் நேர் மேக்க வெச்சிட்டீங்க. என்னை அப்படி வெக்க வேணாம். அந்தப் போனைப் பாத்துச் சரிச்சு வெட்டச் சொல்லுங்க. எனக்கு அவரை நேரே பாக்கணும்."

ஓம் என்றேன். சொல்லிவிட்டு வாசல் வரை வந்த பிறகுதான் யோசித்தேன். எனக்கு எண்பது தாண்டிவிட்டது. அவளுக்கு முன்னால் நான் போகத்தான் வழி. பிறகு யார் அங்கே நின்று சொல்வது? மையவாடியில் எல்லாக் குழிகளும் ஒரே வரிசையில் கிடக்க, ஒன்றை மட்டும் சரித்து வெட்டினால், பிழையாக வெட்டிவிட்டான் என்று நம்முடைய ஆட்களே நிரவித் திருத்தி வெட்டுவார்கள். அதனால்தான் இதை மருமகளைக் கொண்டு எழுதுவிக்கிறேன். உனக்குச் சொல்கிற மாதிரி. உன் மனைவிக்குக் குழி வெட்டப் போகிறவன் யாராக இருந்தாலும் இதை வாசித்துவிட்டு மண்வெட்டியை எடுக்கட்டும். நான் வெட்டினால் கயிறு பிடித்து வெட்டுவேன். மறுமுனையைப் பிடிக்க இப்போது யாரைக் கூப்பிடுவது என்று நினைக்கும்போதுதான் மச்சான், உன் கை இல்லாதது தெரிகிறது. எத்தனை குழிக்கு அந்தக் கையைத் தேடியிருப்பேன்.

அன்றைக்கு அந்த முற்றத்தில் நின்றவர்களில் பெரிய மௌலவி முதலில் போனார். ஏஜென்சிக்காரர் சிலாபத்தில் மௌத்தானதாகக் கேள்வி. உன் உம்மா ஒரு நோன்பு மாதத்தில், பேரீச்சம்பழத்தைத் தட்டில் வைத்துவிட்டு, நேரம் வருமுன் போனா. அவவையும் நான்தான் மேற்கே பார்த்து வைத்தேன், பழைய மேற்கு. என்னை எண்ணிக்கையில் சேர்க்காதே. நான் போகத் தயாராகப் பாயைச் சுருட்டி வைத்துவிட்டேன். அந்த முற்றத்து ஆட்களில், நீ பார்த்துக் கிடக்கும் பக்கத்தில், உன்னைத் திரும்பிப் பார்க்க இன்னும் இருப்பவள் ஒருத்திதான். ரஹீமா.